துணிப்பையில் வந்த நெல்

இன்றும் எங்கள் வீட்டுக்கு அரிசி மூட்டை வந்தால், அவிழ்த்து ஒரு நாள் முழுக்க மாடியில் காற்றாட வைத்த பிறகுதான் கீழே இறக்க விடுவேன். மருமகளுக்குச் சிரிப்பு. "அத்தை, அரிசியை இன்னும் ஜாமீன்ல விடலையா?" என்று கேட்பாள். கேட்டுவிட்டுப் போகட்டும். ரசாயனப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவளுக்கு வேலை ஓய்ந்தாலும் சந்தேகம் ஓய்வதில்லை.

போன மாதம் அந்தக் கூடத்திலிருந்து இரண்டு பேர் விளாங்குடிக்கு என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். பழைய கண்ணாடிச் சாமான்களை எல்லாம் கழித்துவிடப் போகிறார்களாம். இப்போது குப்பியின் மூடியில் ஊசியைக் குத்தி, உள்ளே இருக்கிற வாயுவை எடுத்து மிஷினுக்குள் செலுத்தினால் போதும். அது கோடு போட்டுக் காட்டிவிடும். "அந்தக் காலத்துல நீங்க எப்படி மேடம் அளந்தீங்க?" என்று கேட்டார்கள். சொல்ல ஆரம்பித்தால், அளந்த முறையை விட அளக்கச் சொன்ன மனிதரும் ஒரு நெல் வழக்கும்தான் முந்திக்கொண்டு வந்தன. அவர்களிடம் சொன்னதோடு, சொல்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் வேலைக்குச் சேர்ந்தேன். வேதியியலில் பட்டமேற்படிப்பு படித்திருந்தேன். முதல் வருஷம் கண்ணாடி கழுவுவதிலும், கழுவியது போதாது என்று மறுபடி கழுவுவதிலும் போய்விட்டது. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

எங்களுக்கு மேலதிகாரி தேவசகாயம் சார். நாகர்கோவில் பக்கத்துக்காரர். ஒல்லியான உடம்பு, அரைக்கைச் சட்டை, எதிரே இருப்பவர் குனிந்து கேட்க வேண்டிய அளவுக்குச் சின்னக் குரல். அவர் யாரையும் நம்பியதாக எனக்கு நினைவில்லை. போலீஸ்காரர் ஜாடியைக் கொண்டுவந்து வைத்ததும் அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போவார். அரக்கு முத்திரையை, அதோடு வந்த மாதிரி முத்திரையின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். பிறகு கட்டியிருக்கிற நூலுக்கு அடியில் சுண்டுவிரலை நுழைத்துப் பார்ப்பார். நுழைந்தால் ஜாடி திரும்பிப் போகும்.

ஒரு தடவை ஒரு ஏட்டு கெஞ்சினார். "சார், சீல் உடையலையே. பஸ்ல மடியிலேயே வச்சுக் கொண்டாந்தேன் சார்."

"சீல் உடையலை. ஆனா நூலுக்கும் மூடிக்கும் நடுவுல என் விரல் போகுது. விரல் போற இடத்துல பொய்யும் போகும்."

ஏட்டு ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே போனார்.

எங்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. சில சமயம் வெறும் உப்புத் தண்ணீரை ஜாடியில் ஊற்றி, வழக்கு எண் எழுதி, விஷம் இருக்கிறதா பார் என்று கொடுத்துவிடுவார். விஷம் இல்லை என்று நான் எழுதிக் கொடுத்த ஒரு ஜாடி அப்படிப்பட்டது என்று பிறகு தெரிந்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னையே சந்தேகப்படுறீங்களா சார்?"

"உன்னை இல்லம்மா. உன் கண்ணை. அது எதை எதிர்பார்க்குதோ அதைத்தான் பார்க்கும். என் கண்ணும் அப்படித்தான்."

மற்ற விஷங்களை விட வாயுவில்தான் அவருக்குச் சந்தேகம் அதிகம். உலோக விஷம் எலும்பில் கூட உட்கார்ந்திருக்கும். வாயு நமக்காகக் காத்திருக்காது. அந்தச் சமயம் நெல் மூட்டைக்கு வைக்கிற மாத்திரை ஊர் ஊராகப் பரவிக்கொண்டிருந்தது. காற்றில் இருக்கிற ஈரம் பட்டதும் அந்த மாத்திரையிலிருந்து பாஸ்பீன் என்ற வாயு கிளம்பும். மூட்டைக்குள் இருக்கிற வண்டும் அந்துப்பூச்சியும் செத்துவிடும். மாத்திரை கடைசியில் சாம்பல் நிறப் பொடியாக உதிர்ந்து கிடக்கும். வண்டைக் கொல்வது மனிதனையும் கொல்லும் என்பதை அதை விற்ற கடைக்காரர்கள் எல்லோரும் சொன்னார்களா என்று எனக்குத் தெரியாது.

அதைக் கண்டுபிடிக்க எங்களிடம் இருந்தது இரண்டு துண்டுக் காகிதம். ஒன்று சில்வர் நைட்ரேட்டில் நனைத்தது, மற்றது லெட் அசிடேட்டில் நனைத்தது. பொருளைக் குடுவையில் போட்டு, அமிலம் விட்டு, வெந்நீரில் வைத்து, குடுவையின் வாயில் இரண்டு காகிதத்தையும் பிடிக்க வேண்டும். பாஸ்பீன் சில்வர் காகிதத்தை மட்டும் கறுக்கடிக்கும். அழுகின உடம்பிலிருந்து வருகிற கந்தக வாயு இரண்டையும் கறுக்கடிக்கும். சில்வர் கறுத்ததை மட்டும் பார்த்துவிட்டு லெட்டைப் பார்க்காதவன் அழுகலை விஷம் என்று எழுதிவிடுவான். "ஒரு காகிதம் சொல்றதை இன்னொரு காகிதத்துக்கிட்ட கேளு" என்பார் சார்.

இனி அந்த வழக்கு.

வாடிப்பட்டிக்கு மேற்கே, கால்வாய்ப் பாசனத்தில் இருபோகம் விளைகிற ஒரு ஊர். அண்ணன் தம்பி இருவர், பிரிக்காத நிலம், ஒரே வளவுக்குள் பக்கம் பக்கமாக இரண்டு வீடு. தம்பி பாண்டி, அவன் மனைவி பஞ்சவர்ணம், அவர்களுக்கு ஒரு சின்னப் பெண் குழந்தை. அண்ணன் வீரணன், அவர் மனைவி இருளாயி. அறுப்பு முடிந்து நெல் மூட்டைகளைத் தம்பி வீட்டுப் பின்னறையில் அடுக்கியிருந்தார்கள். வழக்கமாக வாசலில் படுக்கிற பாண்டியும் பஞ்சவர்ணமும், அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டதால், பாயை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குள் படுத்தார்கள். நடுவில் பஞ்சவர்ணத்துக்குக் குமட்டிக்கொண்டு வந்திருக்கிறது. எழுந்து மாட்டுக் கொட்டத்துக்கு வந்து வாந்தி எடுத்து, அங்கேயே மயங்கிக் கிடந்திருக்கிறாள். விடிந்து பார்த்தால் புருஷன் உள்ளே விறைத்துக் கிடக்கிறான்.

முந்தின நாள் அவள் வைத்தது கருவாட்டுக் குழம்பு. குழம்பில்தான் மருந்து என்று வீரணன் போலீசில் எழுதிக் கொடுத்தார். விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டரிடம் பஞ்சவர்ணம், "ரூம்புக்குள்ள ஒரே பூண்டு நாத்தம் சார், மூச்சு முட்டிருச்சு" என்று சொல்லியிருக்கிறாள். அந்த மாத்திரை பூண்டு மாதிரி நாறும் என்பது இன்ஸ்பெக்டருக்கு வேறொரு வழக்கில் தெரிந்திருந்தது. மாத்திரையைத் தொடாதவளுக்கு அதன் நாற்றம் எப்படித் தெரியும் என்று அவளைக் கைது செய்துவிட்டார். அவள் உண்மையைச் சொன்னதே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

எங்களுக்கு வந்தவை: இறந்தவனின் இரைப்பையும் ஈரலும் இருந்த ஜாடிகள், சட்டியில் மிச்சமிருந்த குழம்பு, அப்புறம் அறையில் இருந்த மூட்டையிலிருந்து எடுத்த நெல்.

குழம்பில் ஒன்றும் இல்லை. இரைப்பையில் இரண்டு காகிதமும் கறுத்தன. ஜாடியில் வைக்கும்போது கெடாமல் இருக்க ஊற்றுகிற உப்புத் தண்ணீர் போதவில்லை, அழுகிப் போயிருந்தது. லெட் அசிடேட்டில் நனைத்த பஞ்சை நடுவில் அடைத்துக் கந்தக வாயுவை அதிலேயே நிறுத்திவிட்டு மறுபடி பார்த்தேன். சில்வர் காகிதத்தில் லேசான சாம்பல் நிறம் மட்டும் படர்ந்தது. விஷம் இருக்கிறது, ஆனால் மிகக் கொஞ்சம். நெல்லில் ஒன்றுமே இல்லை.

இன்ஸ்பெக்டர் அன்று நேரிலேயே வந்திருந்தார். பொறுமை இல்லாதவர்தான், ஆனால் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன்.

"நெல்லுல இல்லை, வயித்துல இருக்கு. அப்ப சாப்பாட்டுல போனதுதானே சார்? எழுதிக் குடுத்துருங்க."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அறையில் வாயு இருந்திருந்தால் நெல்லில் கொஞ்சமாவது தங்கியிருக்க வேண்டும். நெல் சுத்தமாக இருக்கிறது என்றால் அவள் சொல்வது பொய்.

தேவசகாயம் சார் நெல் வந்த பையைக் கொண்டுவரச் சொன்னார். வெள்ளைக் காடாத் துணியில் தைத்த பை. முத்திரை நன்றாக இருந்தது. நூலில் விரல் நுழையவில்லை. அவர் பையை வாயருகே பிடித்து ஊதினார். மறுபக்கம் இருந்த என் கையில் காற்று பட்டது.

"காத்தைத் துணிப்பையில கட்டிக்கிட்டு வந்து, பையில காத்து இருக்கான்னு நம்மகிட்ட கேக்குறாங்க" என்றார். பிறகு இன்ஸ்பெக்டரிடம், "நெல்லுல இல்லைன்னு நான் எழுத மாட்டேன். எனக்குக் கிடைக்கலைன்னுதான் எழுதுவேன். அதுவும் இப்ப இல்லை. அந்த ரூமை நான் பார்க்கணும்."

"ரூம்ல என்ன சார் இருக்கு?"

"அது தெரிஞ்சா ஏன் பார்க்கப் போறேன்?"

கோர்ட்டில் அனுமதி வாங்கி, ஜீப்பில் அவரும் நானும் ஒரு போலீஸ்காரரும் போனோம். தேய்த்த கண்ணாடி மூடி போட்ட பாட்டில்களைத் துணியில் சுற்றி என் மடியில் வைத்திருந்தேன்.

வீரணன் வாசலுக்கே வந்து வரவேற்றார். நாற்காலி வந்தது, மோர் வந்தது. சார் மோரைத் தொடவில்லை, அறையைக் காட்டச் சொன்னார். அறை காலி. தரை புதிதாகச் சாணம் மெழுகியிருந்தது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த வாசனை இன்னும் போகவில்லை.

"நெல்லு எங்க?"

"மில்லுல போட்டு வித்தாச்சு சார். தம்பி செத்த ரூம்புல மூட்டையப் பாத்துக்கிட்டே இருக்க மனசு கேக்கல."

"சுண்ணாம்பு?"

"அதுவுந்தான் சார். காரியம் முடிஞ்சா வீட்டைச் சுத்தம் பண்ணாம இருப்பமா?"

நியாயமான பதில்தான். சார் ஜன்னல் பக்கம் போனார். ஒற்றை ஜன்னல். மரக் கதவின் இடுக்கு முழுக்க, கீல் இருக்கிற இடம் வரைக்கும், களிமண் பூசி அடைத்திருந்தது. அதற்கு மேல் சுண்ணாம்பும் அடித்திருந்தார்கள்.

"இது எதுக்கு?"

"எலி சார்."

சார் ஒரு விரல் நகத்தால் மண்ணைப் பெயர்த்தார். இடுக்கு ஒரு நூல் கனம்தான் இருந்தது. "இதுல எலி நுழையுமா?"

வீரணன் முகம் மாறவில்லை. "எறும்பும் வருஞ் சார்" என்றார்.

அதையும் பொய் என்று தள்ள முடியாது. வாயு வெளியே போகாமல் இருக்கவும் அடைக்கலாம், எறும்புக்கும் அடைக்கலாம். அந்த வீட்டில் எதைத் தொட்டாலும் இப்படி இரண்டு பதில் இருந்தது. அதில் எனக்கு ஒரு பயம் வந்தது.

நான் கை கழுவ வேண்டும் என்று சொல்லி இருளாயியின் வீட்டுப் பின்பக்கம் போனேன். அவள் செம்பில் தண்ணீர் ஊற்றினாள். சிவந்த, வலுவான கைகள். கண்ணை நிமிர்த்தவே இல்லை.

"அம்புட்டு நெல்லையும் வித்துட்டீகளாம்மா?" என்றேன்.

"ஆமா, வித்தாச்சு." தண்ணீரை நிறுத்தினாள். வாசல் பக்கம் ஒரு பார்வை. "விதை நெல்லை யாராச்சும் விப்பாகளா?"

"அது எங்க இருக்கு?"

"தகர டிரம்முல. அந்த ரூம்புலதான் இருந்துச்சு. நாந்தான் இங்கன தூக்கியாரச் சொன்னேன்." மறுபடி செம்பைச் சாய்த்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. மருந்து வைக்கிறதெல்லாம் ஆம்பளைக சோலி."

அவளிடம் நான் மருந்தைப் பற்றிக் கேட்கவே இல்லை.

சாரிடம் சொன்னேன். டிரம்மை வெட்டவெளிக்குத் தூக்கிவரச் செய்தார். எல்லோரையும் காற்று வருகிற பக்கம் நிற்கச் சொல்லிவிட்டு, தன் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு மூடியைத் திறந்தார். ஒரு மூச்சுத்தான். தள்ளி நின்ற எனக்கே பூண்டு நாற்றம் வந்தது. பாட்டிலின் கழுத்து வரை நெல்லை அள்ளி, உடனே மூடி, மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றினார். நெல்லுக்குள் ஒரு துணி முடிச்சு இருந்தது, அதில் சாம்பல் நிறப் பொடி. அதுவும் தனிப் பாட்டிலில் போனது. முடிச்சு வெளியே வந்தபோது வீரணன், "ஆமா சார், வண்டுக்கு மருந்து வச்சேன். அந்த மூட்டைகளுக்குந்தான் வச்சேன். யாரும் என்னையக் கேக்கலையே?" என்றார்.

கேட்கவில்லை என்பது உண்மை. இன்ஸ்பெக்டர் குழம்பைப் பற்றித்தான் கேட்டிருந்தார்.

மறுநாள் அந்த நெல்லைக் குடுவையில் போட்டேன். அமிலம் விட்டு, சுத்தமான காற்றை ஒரு குழாய் வழியாக மெதுவாக உள்ளே அனுப்பி, வெளியே வருகிற காற்றைப் புரோமின் கலந்த தண்ணீருக்குள் குமிழ் குமிழாக விட்டேன். குமிழ் வேகமாகப் போனால் வாயு தண்ணீரில் பிடிபடாமல் தப்பிவிடும். ஒவ்வொரு குமிழையும் கண்ணால் பிரித்துப் பார்க்கிற அளவுக்கு மெதுவாகப் போக வேண்டும். பாஸ்பீன் அந்தத் தண்ணீரில் பாஸ்பேட்டாக மாறித் தங்கும். அப்புறம் புரோமினைக் காய்ச்சி விரட்டிவிட்டு மாலிப்டேட் சேர்த்தால், நீல நிறம் எழும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ வாயு அவ்வளவு. பக்கத்திலேயே கீழவாசல் கடையில் வாங்கிய நெல்லுக்கும் அதே சோதனை. கடை நெல் நிறமே இல்லாமல் வெறும் தண்ணீராக நின்றது. டிரம் நெல் மயில் கழுத்து நீலமாக ஏறியது. பொடியின் மேல் அமிலம் விட்டதும் சில்வர் காகிதம் கறுத்தது. லெட் காகிதம் வெள்ளையாகவே இருந்தது.

சந்தோஷத்தில் ஓடிப்போய்ச் சொன்னேன். சார் குழாய்களைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உனக்கு அந்தப் பொண்ணு மேல இரக்கம் வந்திருக்கு."

"வந்தா என்ன சார் தப்பு?"

"தப்பில்லை. ஆனா இதை நீ செஞ்சது போதாது."

பாட்டில்களின் பெயர்ச் சீட்டைக் கிழித்துவிட்டு வேறு எண் ஒட்டி, என் பக்கத்து மேஜைக்காரரிடம் கொடுத்தார். எது கடை நெல், எது டிரம் நெல் என்று அவருக்குச் சொல்லவில்லை. நானும் அந்தப் பக்கம் போகக் கூடாது. அன்று மதியம் நான் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கூடத் திறக்கவில்லை. சாயங்காலம் பக்கத்து மேஜையில் அதே நீலம் எழுந்து நின்றபோது, அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கோர்ட்டில் அரசு வக்கீல் எழுந்து, "இரக்கப்பட்டு எழுதினீர்களா?" என்று என்னைக் கேட்டபோதுதான் சார் செய்ததன் அருமை தெரிந்தது. இன்னொருவரும் தெரியாமலே செய்து பார்த்தார் என்று நிமிர்ந்து சொல்ல முடிந்தது.

தேவசகாயம் சார் கூண்டில் நின்றும் அதே சின்னக் குரலில்தான் பேசினார். நீதிபதி இரண்டு தடவை உரக்கச் சொல்லச் சொன்னார்.

"மாத்திரையைத் தின்றிருந்தால் இரைப்பையில் பொடி கிடந்திருக்கும், வாயு ஏராளமாக வந்திருக்கும். இரண்டும் இல்லை. அந்த அறையில் இருந்த நெல்லில் வாயு இருந்தது, அவர் இரைப்பையில் அதன் சுவடு மட்டும் இருந்தது. இதற்கு மேல் எனக்குத் தெரியாது."

வீரணனும் சாட்சி சொன்னார். மருந்து வைத்ததை ஒத்துக்கொண்டார். "உள்ள படுக்காதடான்னு தம்பிட்ட சொன்னேன். மழைங்கவும் படுத்துட்டான் போல" என்று துண்டால் கண்ணைத் துடைத்தார். தம்பியிடம் சொன்னாரா இல்லையா என்று சொல்லத் தம்பி இல்லை. தன் காதில் அப்படி ஒரு சொல் விழவே இல்லை என்றாள் பஞ்சவர்ணம். குழம்பு என்று ஏன் புகார் கொடுத்தாய் என்று வீரணனைக் கேட்டதற்கு, "வாந்தி எடுத்துக் கிடந்தாளே சார், சாப்பாடுன்னு நெனச்சேன்" என்றார். அதுவும் நியாயம்.

தீர்ப்பு வந்த நாளன்று வேறொரு வழக்குக்காக நானும் கோர்ட்டில் இருந்தேன். அவளை விடுதலை செய்துவிட்டார்கள். வராந்தாவில் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். ஜெயிலில் இருந்த மாதங்களில் கன்னம் ஒட்டிப் போயிருந்தது. நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்து நான் கூச்சத்தோடு நின்றேன்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். அவரு அண்ணன் மருந்தைத் தெரிஞ்சு வச்சாரா, தெரியாம வச்சாரா? உங்க சோதனையில அது தெரியுமா?"

"தெரியாதும்மா."

"அன்னைக்குச் சாயந்தரம் இருளாயி அக்கா அவுக ஆத்தா வீட்டுக்குப் போனாக. போறப்ப எம்புள்ளையையும் இடுப்புல தூக்கிட்டுப் போனாக. அதுக்கு முன்னால ஒரு நாளும் கூட்டிட்டுப் போனது இல்ல." என் முகத்தையே பார்த்தாள். "மழை வரும்னு மேகத்தைப் பாத்தா யாருக்கும் தெரியும். அன்னைக்குன்னு ஏன் எம்புள்ளையத் தூக்கிட்டுப் போனாக?"

செம்பைச் சாய்த்துக்கொண்டே கண்ணை நிமிர்த்தாமல் பேசியவள் எனக்கு நினைவுக்கு வந்தாள். குழந்தையைக் காப்பாற்றத் தூக்கிப் போனாளா, சும்மா ஆசைக்குத் தூக்கிப் போனாளா? விதை நெல்லை எனக்குக் காட்டிக் கொடுத்தது வெகுளித்தனமா, மனசாட்சியா? டிரம்மை அவள் வேறு இடத்துக்குத் தூக்கிவரச் சொன்னதால்தான் அதன் மூடி திறக்காமல் இருந்தது. பஞ்சவர்ணத்திடம் நான் எதையும் சொல்லவில்லை. அதில் எதுவும் எனக்கு நிச்சயமாகத் தெரியாது.

"இப்ப எங்கம்மா போறே?"

"அங்கதான். புள்ள அங்க இருக்கா. அவளுக்கு நிலத்துல பங்கு இருக்கு. நான் போகலைன்னா எல்லாம் போச்சு."

"பயமா இல்லையா?"

"இருக்கு." அவ்வளவுதான் சொன்னாள்.

வாசலில் வீரணன் குழந்தையோடு நின்றிருந்தார். குழந்தை தாயைப் பார்த்து முதலில் மிரண்டு, பிறகு அழுது, பிறகு கழுத்தைக் கட்டிக்கொண்டது. எதிரே டீக்கடை. அவர் போய் ஒரு கிளாஸ் டீ வாங்கிவந்து, "குடி ஆத்தா, காலையில இருந்து ஒண்ணும் சாப்ட்டுருக்க மாட்ட" என்று நீட்டினார். குரலில் உண்மையான பரிவு இருந்தது. அப்படித்தான் என் காதில் விழுந்தது.

பஞ்சவர்ணம் குழந்தையை இடுப்பில் சரிசெய்துகொண்டாள். கை நீட்டவில்லை.

"நீங்க மொதல்ல குடிங்க" என்றாள்.

உரக்கச் சொல்லவில்லை. டீக்கடையில் நின்ற யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வீரணன் அவளைப் பார்த்தார், கிளாஸைப் பார்த்தார், வராந்தாவில் நின்ற என்னையும் பார்த்தார். பிறகு வாயில் வைத்துக் குடித்தார். பாதி கிளாஸ் இறங்குகிற வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அதற்குப் பிறகுதான் கையை நீட்டினாள்.